ஒருவர் வேட்டைக்கு, இன்னொருவர் வேடிக்கைக்கு: நமீபியா பயணத்தை இருவருக்கும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

வேட்டை சரியா தவறா என்ற வாதத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறி, அங்கே மான் வேட்டை பழகி, "ஒரு தடவையாவது ஆப்பிரிக்கா போகணும்" என்று கிளம்பும் நம்மவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் துணையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். துணைக்கோ துப்பாக்கியில் ஆர்வமே இல்லை. நான் அந்த இரண்டாவது ரகம். வீட்டில் சுடுவது அவர், பயணத்தைத் திட்டமிடுவது நான். தெரிந்தவர்கள் சிலருக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பயணங்கள் கசந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வேட்டைப் பட்டியல் முதலில் முடிவாகிறது, மிச்சமிருக்கும் நேரத்தில் துணையின் நாட்கள் திணிக்கப்படுகின்றன. இதைத் தலைகீழாகச் செய்தால் பாதிச் சண்டை வராது. கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான் இப்படி இருக்கிறது. இடையில் தாவ வேண்டாம்.

1. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் துணையிடம் மூன்று கேள்விகள்

ஒரு மிருகம் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா? பேசாமல், அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா? அவ்வளவு தூரம் போய் எதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது?

முதல் கேள்விக்கு "பார்க்கலாம்" என்று வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். "பார்க்க வேண்டியதில்லை, ஆனால் பண்ணையில் தனியாக விட்டுவிட்டுப் போகாதே" என்பதுதான் பெரும்பாலும் உண்மையான பதில். அது தெரிந்தால் எந்த மாதிரிப் பண்ணை தேவை என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியின் பதில்தான் நாட்டையும் மாதத்தையும் தீர்மானிக்கப் போகிறது. யானையா, சிறுத்தையா, மணல்மேடா, கடலா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. நாடு: வேட்டையும் சுற்றுலாவும் ஒரே சாலையில் இருக்க வேண்டும்

புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். "கென்யாவில் மசாய் மாராவும் பார்த்துவிட்டு அங்கேயே வேட்டையும்" என்று ஆரம்பிப்பார்கள். கென்யாவில் விளையாட்டு வேட்டை 1977-லிருந்தே தடை. தான்சானியாவில் அனுமதி உண்டு. ஆனால் வேட்டைப் பகுதிகள் வெகு உள்ளே, கூடாரத்தில், கடிக்கும் ட்செட்சி ஈக்களோடு இருக்கும். கணவர் காட்டுக்குள் போனதும் மனைவிக்கு அங்கே கூடாரத் துணியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இருக்காது.

துணையோடு போகும் முதல் பயணத்துக்கு என் கணக்கில் இரண்டே நாடுகள்: தென்னாப்பிரிக்கா, நமீபியா. இரண்டிலும் வேட்டை பெரும்பாலும் தனியார் பண்ணைகளில் நடக்கிறது. சுவரும் கூரையும் வெந்நீரும் உள்ள வீட்டில் தங்கலாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் பண்ணை எடுத்தால் அட்டோ யானைப் பூங்காவும், அதற்கு மேற்கே கார்டன் ரூட் கடற்கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நமீபியா இன்னும் அமைதி, கூட்டமும் குறைவு. எனக்கு நமீபியாதான் நன்றாகத் தெரியும் என்பதால் இனி அதை வைத்தே சொல்கிறேன்.

நமீபியாவிலும் எங்கே என்பது முக்கியம். ஓச்சிவரோங்கோ ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளைத்தான் நான் முதலில் தேடுவேன். தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து வடக்கே நல்ல தார்ச்சாலையில் சுமார் 250 கி.மீ. ஊருக்குக் கிழக்கே சிவிங்கிப் புலிகளைப் பாதுகாக்கும் சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் மையம் இருக்கிறது. தெற்கே ஓகோன்ஜிமாவில் ஆஃப்ரிகாட் அமைப்பு சிறுத்தைகளைப் பின்தொடர்ந்து காட்டுகிறது. வாட்டர்பெர்க் பீடபூமி பகல் பயணமாகப் போய்வரும் தூரம். ஊட்ஜோ வழியாக எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒரு பண்ணையில் தங்கிக்கொண்டே துணைக்கு இத்தனை போக்கிடம் வேறெங்கும் எளிதில் அமையாது.

தெற்கே கலஹாரிப் பக்கம் ஸ்பிரிங்பாக் என்ற சிறு மானுக்கு அருமையான பண்ணைகள் உண்டு, செம்மணலும் அழகு. ஆனால் மூன்றாம் நாள் துணைக்கு அலுத்துவிடும்.

3. மாதம்

கொம்பையோ தலையையோ தோலையோ நினைவாக எடுத்துவருவதற்கான வேட்டையைக் கோப்பை வேட்டை என்பார்கள். நமீபியாவில் அதற்கான காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. இதில் எல்லா மாதமும் இருவருக்கும் ஒத்துவராது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழைக்குப் பிந்தைய பச்சை. புல் உயரமாக நிற்கும். மிருகம் கண்ணில் படாது. எட்டோஷாவிலும் எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்பதால் விலங்குகள் சிதறிவிடும். செப்டம்பர் கடைசிக்கு மேல் வெயில் கொளுத்தும்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் இருவரின் ஆசையும் ஒன்றுசேரும் காலம். குட்டைகள் வற்றி, விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். வேட்டைக்கும் அதுவே நல்லது, கேமராவுக்கும் அதுவே நல்லது. அமெரிக்கப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அது அங்கே குளிர்காலம். பகலில் 20, 25 டிகிரி என்று சுகமாக இருக்கும். விடியற்காலையில் உறைநிலையைத் தொடும். ஜூலையில் சூரியன் ஏழரை மணி வாக்கில்தான் உதிக்கும். அதுவரை திறந்த வண்டியில் வீசும் காற்று எலும்புக்குள் இறங்கும். "ஆப்பிரிக்காதானே" என்று பருத்திச் சட்டைகளோடு வருபவர்கள் முதல் நாள் காலையே பண்ணைக்காரரிடம் போர்வை கேட்டு நிற்பார்கள்.

4. நாட்களை அடுக்குவது

ஒரு தாளில் நாட்களை வரிசையாக எழுதுங்கள். முதலில் துணையின் நாட்களை நிரப்புங்கள், பிறகு கூட்டாகப் போகும் நாட்கள், கடைசியாக வேட்டை. நான் வழக்கமாகப் போடும் இரண்டு வாரக் கணக்கு இது:

நாள் 1: விண்ட்ஹுக் வந்து இறங்குவது. விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய 45 கி.மீ. அன்றைக்குத் தூக்கம் மட்டும்.

நாள் 2: காலையில் சூப்பர் மார்க்கெட், கைவினைப் பொருட்கள் விற்கும் கிராஃப்ட் சென்டர். மதியத்துக்குள் பண்ணை. மாலையில் துப்பாக்கியைக் குறி சரிபார்ப்பது.

நாள் 3 முதல் 8 வரை: பண்ணையில். இதில் ஐந்து நாள் வேட்டை, நடுவில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வெளியே.

நாள் 9, 10: எட்டோஷா, இரண்டு இரவு.

நாள் 11, 12: ஸ்வாகோப்முண்ட் கடற்கரை. போகவே ஒரு முழு நாள் ஆகும்.

நாள் 13: விண்ட்ஹுக். நாள் 14: விமானம்.

தாளில் கடைசியாக எழுதிய வேட்டையைப் பயணத்தில் மட்டும் ஏன் முன்னால் வைக்கிறேன்? காயம்பட்ட மிருகத்தைத் தேடுவதில் ஒரு நாள் போகலாம். காற்று மாறி ஒரு நாள் போகலாம். வேட்டை கடைசியில் இருந்தால் அந்த இழப்பைத் துணையின் நாட்களிலிருந்துதான் கடன் வாங்குவார்கள். முன்னால் இருந்தால் ஒன்பதாம் நாள் காலை வண்டி கிளம்பியே ஆக வேண்டும். எட்டோஷா அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதைவிட வலுவான வாதம் வேறில்லை.

நடுவில் வரும் அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காம் நாள் மாலை, "பெரிய குடு ஒன்று கால்தடம் விட்டிருக்கிறது, நாளைக் காலை கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று ஒரு செய்தி வரும். எல்லாப் பயணத்திலும் வரும். குடு என்ற அந்த முறுக்குக்கொம்பு மான் எங்கும் போய்விடாது.

எட்டோஷாவுக்குள் தங்குவதாக இருந்தால் ஒகாகுவேயோ முகாமை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். அங்கே இரவில் விளக்கு வெளிச்சத்தில் நீர்நிலையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். வறண்ட காலத்தில் கருங்காண்டாமிருகம் வரும். நமீபியாவில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்தக் கல்லிருக்கைகள்தான். வேட்டையாடுபவரும் அங்கே வாயடைத்து உட்காருவார்.

சோசுஸ்ஃப்ளேயின் மணல்மேடுகளையும் இதே இரண்டு வாரத்துக்குள் நுழைக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். அது தென்மேற்கில், சரளைச் சாலையில் இருக்கிறது. அது வேண்டும் என்றால் ஸ்வாகோப்முண்டிலிருந்து போகும்படி இன்னும் இரண்டு நாள் சேருங்கள், அல்லது எட்டோஷாவை விடுங்கள். எல்லாவற்றையும் போட்டால் வண்டிக்குள் உட்கார்ந்ததுதான் மிச்சமாகும்.

5. பண்ணையைத் தேர்ந்தெடுக்கும் கடிதம்

நமீபியாவில் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் வேட்டையாட முடியாது. அவர்களில் படிநிலை உண்டு. வேட்டை வழிகாட்டி என்ற முதல் படியில் உள்ளவர் தன் சொந்தப் பண்ணையில் மட்டும்தான் கூட்டிப்போக முடியும். புரொஃபஷனல் ஹண்டர், அதாவது எல்லோரும் சொல்லும் பி.எச்., மற்ற இடங்களுக்கும் போகலாம். 1974-இல் தொடங்கிய நமீபிய புரொஃபஷனல் ஹண்டிங் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள்.

விசாரித்து எழுதும்போது வேட்டையைப் பற்றி ஒரு பத்தி போதும். மற்றதெல்லாம் துணையைப் பற்றி இருக்கட்டும். நான் கேட்பவை:

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பண்ணையம்மா இருக்கிறார் என்றால் நிம்மதி. வேலையாட்கள் மட்டும் என்றால் இன்னும் விசாரிக்க வேண்டும்.

வேட்டை வண்டி தவிர இன்னொரு வண்டியும் ஓட்டுநரும் உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு? இதைக் கேட்காமல் போனால், துணை ஆறு நாளும் வராந்தாவிலேயே உட்கார வேண்டியதுதான். சுற்றுலா போகலாம் என்று விளம்பரத்தில் இருக்கும், வண்டி ஒன்றுதான் இருக்கும்.

அறையிலிருந்து மிருகத்தைத் தோலுரிக்கும் கொட்டகை தெரியுமா? கேட்கக் கூச்சமாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். சில பண்ணைகளில் காலைச் சிற்றுண்டி மேஜையிலிருந்தே தெரியும்.

வைஃபை, கைபேசிச் சிக்னல் எங்கே கிடைக்கும்? துணை தனியே நடக்கலாமா, எந்த எல்லை வரை?

அதே வாரத்தில் வேறு வேட்டைக்காரர் குழு வருகிறதா? ஆறு ஆண்கள் கொண்ட குழுவுக்கு நடுவே ஒரே பெண்ணாக இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆறு நாளும் தோட்டா எடை பற்றிக் கேட்பதைவிட, கொஞ்சம் கூடக் கொடுத்து நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் பண்ணையைப் பிடிப்பது மேல்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். வேட்டைக் கேள்விகளுக்கு நீளமாகவும், மற்றவற்றுக்கு "நோ ப்ராப்ளம்" என்று ஒரே வரியாகவும் வந்தால் அடுத்த பண்ணைக்கு எழுதுங்கள்.

6. பணக் கணக்கு

மொத்தச் செலவு நான்கு தனித்தனிப் பைகளில் இருக்கும். முதலாவது, வேட்டையாடுபவரின் நாள் வாடகை. இரண்டாவது, துணையின் நாள் வாடகை. பார்வையாளர் கட்டணம் என்று போட்டிருக்கும், பெரும்பாலும் முதலாவதில் பாதிக்கும் குறைவு. மூன்றாவது, மிருகத்துக்கு மிருகம் மாறும் கோப்பைக் கட்டணம். நான்காவது, பட்டியலில் பாதி தெரியாமல் இருக்கும் மற்றவை: விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவது, வாடகைத் துப்பாக்கி, மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் சேர்ந்ததா இல்லையா, பதப்படுத்தும் கூலி, கப்பல் அல்லது விமானச் சரக்கு, டிப்ஸ்.

வீட்டில் பிரச்சினையாவது மூன்றாவது பைதான். சுட்டு, ரத்தம் சிந்தி, மிருகம் தப்பிவிட்டாலும் முழுக் கட்டணம் உண்டு. இது ஏறக்குறைய எல்லாப் பண்ணையிலும் உள்ள விதி. அதனால் மிருகங்களின் எண்ணிக்கையை அல்ல, மொத்தத் தொகையை ஊரிலேயே இருவரும் சேர்ந்து முடிவு செய்து பி.எச்.-இடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசை நாளுக்கு நாள் வளரும். அங்கே போய் வரம்பு போட முடியாது. "இவர் இன்னொரு ஓரிக்ஸ் கேட்டால் என்னைக் கேளுங்கள்" என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருக்கிறேன் (ஓரிக்ஸ் என்பது நீண்ட நேர்க்கொம்புள்ள பெரிய மான்). நல்ல பி.எச். அதை மதிப்பார்.

நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று சமம். ராண்ட் நமீபியாவில் செல்லும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. டிப்ஸுக்கு வைத்ததை நமீபியாவிலேயே தீர்த்துவிடுங்கள். மிருகத் தடம் பார்ப்பவர், தோலுரிப்பவர், சமையல்காரர், அறை துடைப்பவர் எல்லோருக்கும் தனித்தனி உறை. துணையின் நாட்களை நடத்திக் கொடுப்பது பின்னிருவர்தான். அவர்களை மறந்து பி.எச்.-க்கு மட்டும் கொடுத்துவிட்டு வருபவர்கள் அதிகம்.

7. துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

துணையோடு போகும் முதல் பயணத்தில் கொண்டுபோகாதீர்கள் என்பேன். வேட்டையாடுபவருக்கு இது கசக்கும். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வழி. துப்பாக்கி இருந்தால் இடையில் இறங்கும் ஒவ்வொரு நாட்டின் விதியும் உங்கள் தலையில் விழும்; ஒவ்வொரு விமான நிறுவனத்திடமும் முன்னனுமதி வாங்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு இரவு தங்கிப் பெட்டியை வெளியே எடுத்தால் தென்னாப்பிரிக்கப் போலீஸின் 520-ஆம் எண் படிவம் தேவை. கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் மறுபடி முதலிலிருந்து எழுதுபவரை எப்போதும் பார்க்கலாம். பக்கத்தில் இரண்டு பெட்டிகளோடு மனைவி நிற்பார்.

இரண்டு, வேட்டை முடிந்த பிறகு. எட்டோஷாவும் கடற்கரையும் போகும் ஐந்து நாள் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கும்? பண்ணைப் பெட்டகத்தில் வைக்கலாம். ஆனால் மேலே போட்ட வழியில் நீங்கள் ஸ்வாகோப்முண்டிலிருந்து நேராக விண்ட்ஹுக் வருகிறீர்கள். பண்ணை வடக்கே கிடக்கிறது. அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில் என்பதால் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வதும் முறையல்ல. துப்பாக்கிக்காக மட்டும் ஒரு நாள் சுற்றி வர வேண்டும்.

பண்ணைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் .308 அல்லது .30-06 தோட்டா அளவில், நல்ல தொலைநோக்கியோடு, சத்தம் குறைக்கும் குழலோடு இருக்கும். அந்தக் குழல் பக்கத்தில் நிற்கும் துணையின் காதுக்கும் நல்லது.

இல்லை, என் துப்பாக்கிதான் வேண்டும் என்றால்: நமீபியாவுக்குள் கைத்துப்பாக்கிக்கும் தானியங்கிகளுக்கும் இடமில்லை. விமானத்தில் ஆளுக்கு 5 கிலோ தோட்டா வரைதான், அதுவும் துப்பாக்கியிலிருந்து தனியே. குடு, ஓரிக்ஸ் அளவு மிருகங்களுக்குக் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் சட்டப்படி தேவை. வீட்டில் மான் சுடும் .243 அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் சுங்கத் துறையின் 4457 படிவத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள். திரும்பி வரும்போது அந்தத் துப்பாக்கி உங்களுடையதுதான் என்பதற்கு அது ஆதாரம்.

8. விசா, மருந்து, காப்பீடு

2025 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாட்டவருக்கும் நமீபியா விசா கேட்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் விசா உண்டு. ஒருவர் அமெரிக்கக் குடிமகன், மற்றவர் இந்தியக் குடிமகள் என்றால் இருவரின் விதியையும் தனித்தனியே பாருங்கள். ஆப்பிரிக்காவில் வேறு நாட்டின் வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் தேவையா என்பதையும் பாருங்கள்.

ஓச்சிவரோங்கோ பக்கம் குளிர்காலத்தில் மலேரியா அபாயம் மிகக் குறைவு. வடக்கே கவாங்கோ, சாம்பெசிப் பக்கம் போனால் மருத்துவரிடம் பேசுங்கள்.

பயணக் காப்பீட்டில் வேட்டைக்கு விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள். பல திட்டங்களில் இருக்கும். வேட்டை வண்டியில் கூடப் போகும் துணைக்கும் அந்த விலக்கு பொருந்துமா என்று எழுதிக் கேளுங்கள். பண்ணையிலிருந்து பெரிய மருத்துவமனை வெகு தூரம் என்பதால் விமான ஆம்புலன்ஸ் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும்.

9. சாப்பாடு, முக்கியமாகச் சைவம்

நம் வீட்டுத் துணை சைவமாக இருந்தால், இதைப் பண்ணையை உறுதி செய்வதற்கு முன்பே பேசி முடியுங்கள். நமீபியப் பண்ணைச் சமையலறை இறைச்சியால் இயங்குவது. இரவு என்றால் கரியடுப்பில் சுட்ட ஓரிக்ஸ் அல்லது குடு, மதியம் அதன் மிச்சம், வண்டியில் கொறிக்க உப்புக்கண்டம் போன்ற பில்டாங். அவர்களுக்குக் கெட்ட மனசு கிடையாது. சைவம் என்றதும் கோழி வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

"சைவம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எதெல்லாம் கூடாது என்று எழுதுங்கள்: மீன், கோழி, இறைச்சிச் சாறு சேர்த்த சூப், பன்றிக்கொழுப்பில் வதக்கிய காய். முட்டை, பால் ஆகுமா ஆகாதா என்பதையும். அதோடு அவர்களே எளிதாகச் செய்யக்கூடிய நான்கைந்து வேளை உணவையும் சொல்லிக் கொடுங்கள். சோளமாவுக் கூழ் போன்ற பாப் எல்லா வீட்டிலும் கிண்டுவார்கள். அதன் மேல் தக்காளியும் வெங்காயமும் வதக்கிப் போட்டால் நம் வாய்க்கு நன்றாகவே இறங்கும். பட்டர்நட் பூசணி, உருளைக்கிழங்கு, பீன்ஸ் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டாம் நாள் காலைச் சூப்பர் மார்க்கெட் நிறுத்தம் இதற்காகத்தான். பாசுமதி, பருப்பு, தயிர், கொண்டைக்கடலை டின் எல்லாம் விண்ட்ஹுக்கில் கிடைக்கும். ஊரிலிருந்து ஊறுகாயும் பருப்புப்பொடியும் கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பாக்கெட்டாக எடுத்துப்போங்கள். பண்ணையம்மாவுக்கும் ஒரு பாக்கெட் கொடுத்துப் பாருங்கள். மறுநாளே சமையலறைக் கதவு உங்களுக்குத் திறந்துவிடும்.

அசைவம் சாப்பிடும் துணைக்கு ஒரு வார்த்தை: அன்று விழுந்த மிருகம் பண்ணையிலேயே சமைக்கப்படும், விற்கப்படும். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம்.

10. பெட்டியில்

உடை காக்கி, மங்கிய பச்சை, பழுப்பு. ராணுவப் பூப்போட்ட உருமறைப்பு உடை தேவையில்லை. அருகிலுள்ள ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை அணிவதே குற்றம். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி எடுங்கள்: உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் மேலங்கி, குல்லா, கையுறை. பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவீர்கள்.

துப்பட்டா, சால்வை, தொங்கும் காதணி எதையும் புதருக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒருவகைக் கருவேல முள் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்திருக்கும். துணியில் ஒன்று மாட்டும். அதை எடுக்கத் திரும்பினால் கையில் இரண்டு மாட்டும். வந்த வழியே ஓர் அடி பின்னால் போனால் தானே விடும். இழுத்தால் துணி கிழியும், சத்தத்தில் மிருகமும் ஓடும்.

துணைக்கென்று தனியாக ஒரு இருகுழல் தொலைநோக்கி. இது ஆடம்பரம் இல்லை, பெட்டியிலேயே முக்கியமான பொருள். வேட்டைக்காரரின் தொலைநோக்கியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரவல் வாங்கினால் இருவருக்கும் எரிச்சல். 8x32 அல்லது 8x42 போதும். அப்புறம் காதடைப்பான், உதட்டுக்குக் களிம்பு, பறவைக் கையேடு, பகலில் படிக்க ஏதாவது.

11. பண்ணையில்: கூடப் போகும் நாளும் போகாத நாளும்

வேட்டை இரண்டு விதம். நடந்து பின்தொடர்வது ஒன்று. நீர்நிலைக்குப் பக்கத்தில் மறைவிடத்தில் காத்திருப்பது இன்னொன்று. துணை கூடப் போவதற்கு இரண்டாவதுதான் சரி. உட்கார நாற்காலி, நிழல், கேமராவுக்கு நேரெதிரே வரிசையாக வரும் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றிக் குடும்பமும் கினிக்கோழிக் கூட்டமும். சுடாமலே திரும்பினாலும் துணைக்கு அது முழு நாள். கேமராவின் ஷட்டர் சத்தத்தை மட்டும் முன்பே அணைத்துவிடுங்கள்.

நடந்து போகும் நாளில் தடம் பார்ப்பவர், பி.எச்., வேட்டைக்காரர் என்று மூன்று பேர் ஏற்கெனவே வரிசையில். நான்காவது ஆள் சேர்ந்தால் எட்டுக் கண்ணும் எட்டுக் காலும். துணை வண்டியில் ஓட்டுநரோடு இருப்பதே நல்லது. இதை முந்தின இரவே பேசிவிடுங்கள். காட்டுக்கு நடுவில் "நீ இங்கேயே இரு" என்று சைகை காட்டினால் அன்றைய மாலை நன்றாக இருக்காது.

கூடப் போனால், சுடும் நேரத்தில் துணை எங்கே நிற்க வேண்டும் என்று பி.எச்.-இடம் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அவருக்கு நேர் பின்னால்தான். துப்பாக்கியைத் தாங்கும் முக்காலிக் கம்பு நிமிர்ந்ததும் காதடைப்பான். பார்க்க விருப்பமில்லை என்றால் அதுதான் திரும்பிக்கொள்ளும் நேரம். சுட்ட பிறகு உடனே ஓடிப்போகாதீர்கள், பி.எச். சொன்ன பிறகுதான். மிருகம் விழாமல் ஓடிவிட்டால் தேடல் பல மணி நேரம் நீளலாம். அப்போது துணையை வீட்டுக்குக் கொண்டுவிட யார், எப்படி என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு புகைப்படம். விழுந்த மிருகத்தோடு நிற்கத் துணையைக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தக் கூடாது. அந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் துணையைக் கேளுங்கள். பெரியம்மாவின் போன்கால் யாருக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

போகாத நாளில் துணை தனியாக வாடகைக் கார் ஓட்டிப் போக நினைத்தால்: நமீபியாவில் இடதுபக்கம் ஓட்ட வேண்டும். இந்தியாவில் ஓட்டியவருக்குப் பழக்கம், அமெரிக்காவில் மட்டும் ஓட்டியவருக்குக் கஷ்டம். சரளைச் சாலையில் 80 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள், வளைவில் அதுவும் அதிகம். மாலை மயங்கினால் குடு சாலையோரத்திலிருந்து வண்டி மேலேயே தாவும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பண்ணைக்குத் திரும்பிவிட வேண்டும்.

12. கோப்பை: வீட்டுச் சுவரை முதலில் அளந்துவிடுங்கள்

இதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டும். காகித டேப்பை எடுத்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். முறுக்கிய கொம்பு கொண்ட குடுவின் தோள்வரை பாடம் செய்த தலை, சராசரி வீட்டுச் சுவரில் பாதியை எடுத்துக்கொள்ளும், முன்னாலும் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டடி உயரக் கூரை உள்ள வீட்டில் சோபாவுக்கு மேலே மாட்டினால் தலையில் இடிக்கும். மண்டையோடும் கொம்பும் மட்டும் வெளுத்து வைத்தால் இடமும் குறைவு, செலவும் குறைவு, பார்க்கவும் சுத்தம். எந்தச் சுவர், எத்தனை என்பதைத் துணை சொல்லட்டும். அந்த எண்ணிக்கைதான் ஆறாம் படியில் போட்ட பட்ஜெட்டுக்கு உண்மையான வரம்பு. நமீபியாவில் ஓர் அனுமதியில் ஓர் இனத்தில் இரண்டு கோப்பைதான் சட்டப்படி; பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் அதற்கும் இடமிருக்காது.

கோப்பை உங்களோடு விமானத்தில் வராது. தோல், கொம்பு எல்லாம் நனைத்துச் சுத்தம் செய்து பெட்டி கட்டி வர மாதக்கணக்கில் ஆகும். அங்கேயே பாடம் செய்யக் கொடுத்தால் இன்னும் நீளும். மலை வரிக்குதிரை போன்று, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள விலங்குக்குத் தனி அனுமதி தேவை. அமெரிக்காவுக்கு எந்தக் கோப்பை வந்தாலும் மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் 3-177 படிவம் உண்டு. வார்ட்ஹாக் போன்ற பன்றியினத்தின் பதப்படுத்தாத தோலுக்குக் கால்நடை நோய் காரணமாகக் கூடுதல் கட்டுப்பாடுகளும் உண்டு. இதற்கென்று இருக்கும் தரகரைப் பயணத்துக்கு முன்பே பேசி வையுங்கள். பெட்டி துறைமுகத்தில் வந்து நின்ற பிறகு தரகர் தேடினால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இந்தப் படியே இல்லை. வனவிலங்குகளின் பாகங்களை இறக்குமதி செய்வது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஊரிலுள்ள அப்பா வீட்டுக்கு ஒரு கொம்பை அன்பளிப்பாக எடுத்துப்போகும் யோசனையையும் இதோடு விட்டுவிடுங்கள். நினைவுப் பொருள் வேண்டும் என்றால் இரண்டாம் நாள் பார்த்த கிராஃப்ட் சென்டரில், பதின்மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, மரச் செதுக்கலோ கூடையோ வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் விண்ட்ஹுக்கில் பல கடைகள் சாத்திவிடுவார்கள் என்பதால் பதின்மூன்றாம் நாள் என்ன கிழமை என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.